11,000 ரூபாயில் ஓர் எச்.ஐ.வி. விழிப்புணர்வு முகாம்: பணம் திரட்டுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லயன்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடமாக இந்த முகாமை நடத்துகிறோம். "உங்களுக்கு யாருப்பா பணம் தர்றாங்க?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எதை மாற்றப் போகிறீர்கள்?

"விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று எழுதிக்கொண்டு போனால் காசு பெயராது. எங்கள் தாளில் இருந்தது ஒரு டம்ளர். லயனுக்குக் கீழே டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் தனி எவர்சில்வர் டம்ளர். அடையாளத்துக்கு அடியில் ஆணியால் ஒரு கீறல். குடித்ததும் அவரே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைக்க வேண்டும். டம்ளரிலோ, கூடச் சாப்பிடுவதிலோ, கை கொடுப்பதிலோ எச்.ஐ.வி. பரவாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலமும் பரவாது. இது தெரிந்திருந்தால் அந்தக் கீறலுக்கு வேலையே இல்லை. எந்த லயன், எந்தக் கடை, யார் என்று மட்டும் எழுதவில்லை. அந்த டம்ளர் அங்கிருந்து போக இரண்டு வருடம் ஆனது, அது வேறு கதை.

படி 2: சும்மா கிடைப்பதை முதலில் கேளுங்கள்

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தும் 2004 முதல் அரசு இலவசமாகவே தருகிறது. ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போய் அங்குள்ள ஆலோசகரைப் பாருங்கள், முகாமுக்கு வர முடியுமா என்று கேளுங்கள். வீதி நாடகத்துக்குக் கல்லூரியின் செஞ்சுருள் சங்க (எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பு) மாணவர்கள். 1097 என்ற எச்.ஐ.வி. இலவச உதவி எண்ணை நோட்டீஸில் பெரிதாகப் போடுங்கள். இதற்கெல்லாம் நன்கொடை கேட்டு நின்றால், விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

படி 3: கணக்குப் போடுங்கள்

எங்கள் போன வருடக் கணக்கு இது. ஜீப் வாடகை இரண்டு நடை 2,400. நூற்றிருபது பேருக்கு டீயும் வர்க்கியும் 2,400. மைக் செட் 1,500. மாணவர்களின் பஸ், சாப்பாடு 1,200. துணி பேனர் இரண்டு 900 (நம் நீலகிரி மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடை தெரியும்தானே, பிளெக்ஸ் பக்கம் போகாதீர்கள்). சில்லறைச் செலவு 600. மீதி 2,000 ரூபாய், எச்.ஐ.வி.யோடு வாழும் இருவர் வந்து பேசியதற்கு, ஆளுக்கு ஆயிரம்.

அந்தக் கடைசி வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். "சேவைக்கு வர்றவங்களுக்கு எதுக்குக் காசு?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். மைக்குக்குக் கொடுக்கிறோம், மனுஷனுக்குக் கொடுக்க மாட்டோமா?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்றே நடத்த வேண்டும் என்று அடம் வேண்டாம். அது வேலை நாளாக இருந்தால் தோட்டத்தில் யாரும் வர முடியாது, மூடுபனி வேறு. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு வையுங்கள்.

படி 4: கேட்கப் போவது

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். முதல் வருடம் ரசீதுப் புத்தகத்தில் "எய்ட்ஸ் ஒழிப்பு நிதி" என்று அச்சடித்துவிட்டோம். ஒரு மளிகைக் கடைக்காரர் 50 ரூபாயை மேஜை மேல் வைத்துவிட்டு, "ரசீதெல்லாம் வேண்டாம் தம்பி, என் பேரு அதுல இருக்க வேண்டாம்" என்றார். ரசீதில் பெயர் இருந்தாலே ஊர் பேசும் என்ற பயம். அடுத்த வருடம் "உடல்நல முகாம்" என்று போட்டோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எச்.ஐ.வி. மூன்றையும் ஒரே முகாமில் வைத்தோம். வரிசையில் நிற்பவர் எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பணம் கேட்கும்போது எச்.ஐ.வி.யை மறைக்காதீர்கள், வாயால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

கடைகள், வியாபாரிகள் சங்கம், டீத்தூளுக்குப் பக்கத்து ஃபேக்டரி, இடத்துக்கு எஸ்டேட் மேனேஜர். இந்த அளவு பணத்துக்கு இவ்வளவு பேர் போதும். பெரிய கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி வேண்டுமென்றால் முதலில் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, குறைந்தது ஏழு உறுப்பினர்கள். அதற்குப் பிறகு, அந்த நிதி வாங்கப் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்.1 படிவம். முதல் வருடமே அதில் இறங்காதீர்கள்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்புகிறேன் என்றால், அவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்று கேளுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

படி 5: போட்டோ

பணம் தந்தவர் "பயனாளிகள் போட்டோ அனுப்புங்க" என்பார். முடியாது என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பரிசோதனைக்கும் அப்படித்தான், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நாங்கள் பேனரையும், காலி நாற்காலிகளையும், டீ கேனையும் படமெடுத்து அனுப்புகிறோம். ஒருவர் கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் தரவில்லை. போகட்டும்.

படி 6: கணக்கு ஒட்டுவது

அடுத்த ஞாயிறே மஸ்டர் ஆபீஸ் (தொழிலாளர் வருகை பதியும் இடம்) பலகையில் வரவு செலவை ஒட்டுங்கள். பேசியவர்களின் பெயருக்குப் பதில் "பேச்சாளர்கள் இருவர்" போதும். அவர்கள் கையெழுத்திட்ட வவுச்சர் பொருளாளரின் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். போன தடவை 340 ரூபாய் அதிகமாகச் சேர்ந்தது. அதையும் எழுதி ஒட்டினோம். இந்த வருட ரசீதுப் புத்தகம் அதில்தான் அச்சாகிறது.