சந்தைக் கிடாயில் எவ்வளவு கறி தேறும்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவின் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கங்கையம்மன் ஜாத்திரைக்குக் கிடாயை உயிரோடு வாங்கி வெட்டுகின்றன. பந்தியில் கறி பற்றாமல் போனால் பழி கறி வெட்டியவர் மேல் விழுகிறது. ஆனால் பிழை பெரும்பாலும் சந்தையில் போட்ட கணக்கில்தான் இருக்கும்.

தராசு காட்டும் எடையில் சரிபாதி கறி என்று வைத்துக்கொள்வதே முதல் தவறு. தலை, தோல், கால், குடல் நீக்கிய உடல், உயிர் எடையில் பொதுவாக 45 முதல் 50 விழுக்காடு வரை தேறும் என்பது உண்மைதான் என்றாலும், விற்பதற்கு முன் வயிறு முட்டத் தீவனமும் தண்ணீரும் காட்டப்பட்ட ஆட்டுக்கு அந்த விழுக்காடு பொருந்தாது. தராசில் 30 கிலோ நிற்கும் கிடாயின் வயிற்றில் 3 கிலோ அதிகப்படியாக இருந்தால், மீதி 27 கிலோவுக்கு 45 விழுக்காடு போட்டால் 12 கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். 15 கிலோவை நம்பி ஆள் அழைத்தவர் திண்டாடுவார். இரைப்பை இடப்பக்கம் இருப்பதால், இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள குழி புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முதுகெலும்பை விரலால் அழுத்த வேண்டும். முள் குத்தினால் சதை குறைவு.

உயரத்தைக் கண்டு மயங்குவது இப்பகுதிக்கே உரிய தவறு. நெல்லூர் செம்மறி நெட்டையான இனம். நீண்ட கால்கள் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும், ஆனால் கறி தொடையிலும் முதுகிலும்தான் இருக்கிறது.

தராசு கிடைக்காத இடத்தில் கண்மதிப்பை நம்பாமல் நாடாவைப் பயன்படுத்தலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்புறத்து எலும்புமுனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ உயிர் எடை கிலோவில் கிடைக்கும். 28 அங்குலச் சுற்றளவும் 25 அங்குல நீளமும் உள்ள கிடாய் 30 கிலோவை ஒட்டி வரும். சினை ஆட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது.

எலும்பை மறப்பவர்களும் உண்டு. உரித்த உடலில் நான்கில் ஒரு பங்கு வரை எலும்பாகவே போகக்கூடும் என்பதால், தனிக்கறி வறுவலுக்கும் எலும்போடு வைக்கும் குழம்புக்கும் ஒரே அளவைக் கணக்கிடக் கூடாது.

தலை, கால், குடல், ஈரல் ஆகியவை பேசிய கறிக்குள் அடங்குமா, வெட்டுக்கூலியாகத் தோல் போகுமா என்பதைக் கத்தி எடுக்கும் முன்பே வெட்டுபவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.