'ரோன்' போய் 'ரா' வந்தது

'நேரம் மட்டும் இருந்தால் ஊர் சுற்றுவேன்' என்று ஸ்பானிஷில் சொல்லப்போனால் எனக்கு 'சி தெந்த்ரீயா தியெம்போ' என்றுதான் வாயில் வரும். சரியானது 'சி துவியெரா தியெம்போ, வியஹரீயா'. 'ரீயா' இரண்டாம் பாதிக்கு மட்டும்தான்.

முதல் பாதிக்கு வரும் 'துவியெரா' மாதிரி வடிவங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்தேன், நிற்கவில்லை. அப்புறம் ஒரு வழி பிடிபட்டது. 'அவர்கள்' என்பதற்கான இறந்தகால வடிவத்தில் கடைசி 'ரோனை' எடுத்துவிட்டு 'ரா' சேர்க்க வேண்டும்: துவியெரோன் துவியெரா ஆகும், ஃபுவெரோன் ஃபுவெரா ஆகும், திஹெரோன் திஹெரா ஆகும். எல்லா வினைக்கும் இதேதான்.

நடக்காததற்கு ஏன் இறந்தகாலம் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. தமிழைப் பார்த்தேன்: இருந்தால், வந்தால், பெய்தால். நாமும் இறந்தகால அடியில்தானே 'ஆல்' சேர்க்கிறோம்! அன்றோடு தயக்கம் போனது. ஆசைக்கும் அதே வடிவம்தான்: 'ஓஹலா யோவியெரா', மழை பெய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.