ஏ3+ போதுமா, 17 அங்குலம் வேண்டுமா? வீட்டில் பெரிய படம் அச்சிட பிரின்டர் தேர்ந்தெடுக்கும் முறை

பெரிய போட்டோ பிரின்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மாடலையும் விலையையும்தான். அவற்றைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். சுவரில் எந்த அளவுப் படம் மாட்டப் போகிறீர்கள்? மாதத்துக்கு எத்தனை படம் அச்சிடப் போகிறீர்கள்? இவை தெளிவானால் சந்தையில் இருப்பவற்றில் பாதி தானாக விலகிவிடும்.

படி 1: சுவரை அளவிடுங்கள்

பழைய செய்தித்தாளை 13-க்கு 19 அங்குலமாக (சுமார் 33-க்கு 48 செ.மீ.) வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். இதுதான் ஏ3+ அளவு. பக்கத்திலேயே 17-க்கு 22 அங்குலம் ஒன்று; இது 17 அங்குலப் பிரின்டருக்கான அளவு. ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பிரேமையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்: 13-க்கு 19 படத்தைச் சுற்றி இரண்டரை அங்குலம் மவுன்ட் (படத்துக்கும் பிரேமுக்கும் இடையிலான அட்டை ஓரம்) விட்டால் பிரேம் 18-க்கு 24 ஆகிவிடும். சாதாரண ஹாலுக்கு அதுவே நிறைவான அளவு.

அடுத்து உங்கள் கேமரா. 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 20-க்கு 13.3 அங்குலம் வரும்; ஏ3+ தாளுக்குக் கச்சிதம். அதே படத்தை வெட்டாமல் 17-க்கு 22 தாளில் வைத்தால் அங்குலத்துக்கு 272 பிக்சல்; அதுவும் நன்றாகவே இருக்கும். 12 மெகாபிக்சல் போன் படம் (4000-க்கு 3000) ஏ3+ தாளில் அங்குலத்துக்கு 230 அளவில் நிற்கும். சுவரில் மாட்டிப் பார்க்க 200-க்கு மேல் இருந்தால் குறை தெரியாது. ஆனால் அதே போன் படத்தில் பாதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் முகத்தில் மெழுகு பூசியது போல ஆகிவிடும். அதை எந்தப் பிரின்டராலும் சரிசெய்ய முடியாது.

முதல் பிரின்டர் என்றால் எங்கள் பரிந்துரை ஏ3+ தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 24 அங்குல அகலத்தில், போட்டோ பிரின்டரை விட மலிவாகச் சில எந்திரங்கள் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை கட்டட வரைபடத்துக்கான பிளாட்டர்கள். எப்சன் டி3170, கேனன் டிசி-20 போன்றவை. அவற்றில் நான்கே நிறங்கள். கோடும் எழுத்தும் கூர்மையாக விழும், ஆனால் கன்னத்தின் மென்மையான நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிர் நிறத்தைக் காட்ட அவற்றிடம் இருக்கும் ஒரே வழி, அடர்ந்த மையை இடைவெளி விட்டுத் தெளிப்பதுதான். அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 2: வாரம் ஒரு படமாவது அச்சிடுவீர்களா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பலர் இதைக் கேட்டுக்கொள்ளாமலே வாங்கிவிடுகிறார்கள்.

பிரின்டர் ஹெட்டில் (மையைத் தெளிக்கும் பகுதி) உள்ள துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. மையில் பெரும்பங்கு தண்ணீர். அது ஆவியானால் மிச்சமுள்ளது கெட்டியாகித் துளையை அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான், பட்டனை அழுத்தி அணைக்கும்போது ஹெட் ஓரமாக நகர்ந்து ஒரு ரப்பர் மூடியின் மேல் போய் உட்காருகிறது. பட்டனை விட்டுவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தாலோ, அச்சிடும் நடுவில் கரண்ட் போனாலோ, ஹெட் பாதி வழியில் திறந்தபடியே நின்றுவிடும். மே மாத வெயிலில் இரண்டு நாள் அப்படி நின்றால் போதும், துளை அடைத்துக்கொள்ளும். அதனால் பிரின்டர் வாங்கும் பட்ஜெட்டிலேயே ஒரு யூபிஎஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

நாசில் செக் (துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது அவசியம். தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு போல வரிசையாக விழும். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். ஒரு படி காணாமல் போயிருந்தால் அந்தத் துளையில் அடைப்பு. மஞ்சள் கட்டம் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. நீல வெளிச்சத்தில் பார்த்தால் கறுத்துத் தெரியும். செல்போன் திரையில் முழு நீலப் படத்தை வைத்து, அந்த ஒளியில் பார்த்தாலே போதும்.

அடைப்பு இருந்தால் ஹெட் கிளீனிங் (மையைப் பாய்ச்சித் துளையைக் கழுவும் வசதி) ஒன்று அல்லது இரண்டு முறை. அதற்கும் அசையாவிட்டால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஊறியபின் மறுநாள் காலையில் திறந்துகொள்வது உண்டு. வரிசையாக ஆறு ஏழு முறை கிளீனிங் கொடுப்பது வீண். அத்தனை மையும் நேராக வேஸ்ட் இங்க் பகுதிக்குத்தான் போகிறது. அந்தப் பகுதி நிறைந்தால் பிரின்டர் வேலை செய்ய மறுக்கும். பயனரே கழற்றி மாற்றும் மெயின்டனன்ஸ் பாக்ஸ் (வேஸ்ட் இங்க் சேரும் பெட்டி) உள்ள மாடலா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய மாடலா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு படத்தை ஏ4 தாளிலாவது அச்சிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மாதம் இரண்டு படம்கூட அச்சிட மாட்டீர்கள் என்றால், தயவுசெய்து பிரின்டர் வாங்காதீர்கள். நல்ல போட்டோ லேபில் கொடுத்து வாங்கிக்கொள்வது மிச்சம்.

படி 3: டை இங்க்கா, பிக்மென்ட் இங்க்கா

டை இங்க் தண்ணீரில் கரைந்த சாயம், தாளுக்குள் ஊறிவிடும். பளபளக்கும் கிளாஸி தாளில் நிறம் துள்ளும். விலையும் குறைவு, அடைப்பும் குறைவு. வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும்.

பிக்மென்ட் இங்க்கில் நுண்ணிய நிறத் துகள்கள் மிதக்கின்றன. தாளின் மேல் தங்குகின்றன. பளபளப்பில்லாத மேட் தாளிலும் பருத்தித் தாளிலும் இதற்கு இணையில்லை. பல்லாண்டு நிற்கும். கிளாஸி தாளில் மட்டும் ஒரு சங்கடம்: படத்தைச் சாய்த்துப் பிடித்தால் மை விழுந்த இடம் ஒரு பளபளப்பாகவும், வெள்ளையாக விட்ட இடம் வேறு பளபளப்பாகவும் தெரியும். கேனன் புரோ-300, புரோ-1000 இரண்டிலும் இருக்கும் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற திரவம் இதைச் சமன் செய்யத்தான்.

ஆல்பத்துக்கும் குடும்பப் படங்களுக்கும் டை. விற்கவோ, கண்காட்சிக்கோ, பேரன் பேத்தி காலம்வரை மாட்டிவைக்கவோ என்றால் பிக்மென்ட்.

கறுப்பு வெள்ளைப் படம் அதிகம் எடுப்பவர்கள் சாம்பல் நிற மை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பிரின்டர் சாம்பலை நீலம், சிவப்பு, மஞ்சள் கலந்து உண்டாக்கும்; படத்தில் இலேசான பச்சையோ ஊதாவோ படிந்திருக்கும்.

படி 4: ஒரு படத்துக்கு எவ்வளவு மை?

பிரின்டர் விலையை விட மை விலைதான் நீண்டநாள் செலவு. ஏ3+ படம் ஒன்றுக்குத் தோராயமாக 2.5 மில்லி என்று வைத்துக்கொண்டு, ஒரு முழு செட் மையைக் கணக்கிடுங்கள்.

கேனன் புரோ-200 (டை, ஏ3+): 8 கார்ட்ரிட்ஜ், தலா 12.6 மில்லி. மொத்தம் சுமார் 100 மில்லி, ஏறக்குறைய 40 படம்.
கேனன் புரோ-300 (பிக்மென்ட், ஏ3+): 10 கார்ட்ரிட்ஜ், தலா 14.4 மில்லி. 144 மில்லி.
எப்சன் எல்18050 (டை, இங்க் டேங்க், ஏ3+): 6 பாட்டில், தலா 70 மில்லி. 420 மில்லி, சுமார் 168 படம்.
எப்சன் பி900 (பிக்மென்ட், 17 அங்குலம்): 10 கார்ட்ரிட்ஜ், தலா 50 மில்லி. 500 மில்லி.
கேனன் புரோ-1000 (பிக்மென்ட், 17 அங்குலம்): 12 டேங்க், தலா 80 மில்லி. 960 மில்லி.

கடையில் ஒரு முழு செட்டின் விலையைக் கேட்டு மொத்த மில்லியால் வகுத்துவிடுங்கள். மில்லி விலை கையில் வந்துவிடும். கிளீனிங்குக்குப் போகும் மைக்காக அதன் மேல் கால் பங்கு கூட்டுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் மலிவான பிரின்டர் எது, மலிவாகத் தெரியும் பிரின்டர் எது என்று புரியும். கையைக் கடிக்காமல் நிறைய அச்சிட்டுப் பழக, தொடக்கக்காரருக்கு, பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் மாடலே நல்லது.

லோக்கல் இங்க் ஊற்றினால் நிறம் மாறும். தாள் நிறுவனம் தரும் ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) அதற்குப் பொருந்தாது.

பழைய எப்சன் பி600, பி800 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றில் கிளாஸி தாளுக்கான கறுப்பு மையும் மேட் தாளுக்கான கறுப்பு மையும் ஒரே வழியில் போகின்றன. தாள் வகையை மாற்றும்போதெல்லாம் குழாயைக் கழுவி மை வீணாகும். பி700, பி900 வந்தபோது இது தீர்ந்தது.

படி 5: இடமும் தாளின் வழியும்

புரோ-1000-இன் எடை 32 கிலோ, அகலம் 72 செ.மீ. இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். பிளாஸ்டிக் மேசை தாங்காது. தடித்த அட்டையை முன்பக்கமாகச் செலுத்தும் மாடல்களில் தாள் பின்புறம் நீண்டு வெளியே வரும். சுவரை ஒட்டி வைத்தால் முட்டும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் ஈரக்காற்றில் ஓரம் சுருளும். மூலை ஓரிரு மில்லிமீட்டர் மேலே எழும்பினாலும் ஓடும் ஹெட் அதில் உரசும். வெள்ளை ஓரத்தில் கறுப்புத் தீற்றல் விழுந்தால் காரணம் அதுதான். தாளை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்துத் தட்டையாக்குங்கள். டிரைவரில் (பிரின்டரை இயக்கும் கணினி நிரல்) தடித்த தாள் என்ற அமைப்பையும் போடுங்கள்.

படி 6: கடையில் உங்கள் படத்தை அச்சிடச் சொல்லுங்கள்

ஷோரூமில் காட்டும் கிளி, பழத்தட்டுப் படங்கள் எந்தப் பிரின்டரிலும் அழகாகத்தான் வரும். உங்கள் பென்டிரைவில் நான்கு படம் கொண்டுபோங்கள்: மாநிறத் தோலோடு ஒரு முகம், மேகமில்லா வானம், கறுத்த கூந்தலோ அடர்நிறப் பட்டுப்புடவையோ, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முகத்தில் சிவப்பு ஏறுகிறதா, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா, கூந்தல் இழை பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். கையிலெடுத்து வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். டியூப்லைட்டில் சாம்பலாக இருந்தது அங்கே பச்சை தட்டினால் அந்தப் பிரின்டர் கறுப்பு வெள்ளைக்கு ஆகாது.

படி 7: வீட்டுக்கு வந்த முதல் வாரம்

நிறத்தைப் படம் திருத்தும் மென்பொருள் கவனிக்கட்டும், அல்லது டிரைவர் கவனிக்கட்டும். இரண்டும் சேர்ந்து கவனித்தால் படம் கெடும், பெரும்பாலும் சிவப்பேறும். மென்பொருளில் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலைத் தேர்ந்தால், டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.

படம் இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மானிட்டரின் மிகை வெளிச்சம். மானிட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை மானிட்டரைக் குறையுங்கள். முழுத்தாளைப் போடும் முன், படத்தின் முக்கியமான பகுதியை மட்டும் சின்னத் துண்டுத் தாளில் அச்சிட்டுச் சரிபாருங்கள்.

அச்சிட்ட படத்தை உடனே பிரேமில் பூட்டாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் தூசியில்லாத இடத்தில் காற்றாட வையுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள். மையிலுள்ள கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் கண்ணாடியை மூடினால் உட்புறம் மூடுபனி போலப் படிந்துவிடும்.