கூட்டத்துக்கு யூஎஸ்பி மைக் வாங்கும்போது விடும் தவறுகள்

திருகோணமலையில் இப்போது பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாக சபை, வாசிகசாலை என்று எந்தக் கூட்டம் நடந்தாலும் டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நாலு பேர் ஸூமில் வந்துவிடுகிறார்கள். இங்கே பேசுவது அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. "தம்பி, ஒண்டும் விளங்கேல்லை, கிட்ட வந்து கதையும்" என்று அங்கிருந்து ஒரு பெரியவர் சொல்லும்போது எனக்கு மனம் கேட்காது. ஊர் விஷயம் என்று நித்திரை முழித்திருப்பவர் அவர்.

நான் விட்ட முதல் தவறு, ஒருவர் பேசும் மைக்கை எட்டுப் பேர் இருக்கும் மேசைக்கு வாங்கியது. மேசையில் நிறுத்தி வைக்கும் பொட்காஸ்ட் மைக்குகள் பெரும்பாலும் கார்டியோயிட் வகை. முன்னால் இருப்பவரின் குரலை நன்றாகப் பிடிக்கும், பின்பக்கத்தைத் தள்ளிவிடும். அதை நடுவில் வைத்தேன். பின்னால் இருந்த மூன்று பேரும் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல் கேட்டது. சுற்றி இருந்து பேசும் கூட்டத்துக்கு எல்லாத் திசையும் பிடிக்கும் ஒம்னி வகைதான் வேண்டும். பெட்டியில் 360 பாகை என்று போட்டிருப்பார்கள். வீட்டில் தனியாக இருந்து வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு அது பொருந்தாது. அடுப்படிச் சத்தமும் சேர்ந்து போகும்.

அடுத்தது தூரம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஐந்து மீற்றர் வரை கேட்கும் என்று பெட்டி சொல்வதை நம்பி மைக்கை ரீவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேரே வரும் குரல் சுமார் 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஆனால் அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். நம் மண்டபங்களில் சீமெந்துத் தரை, வெறும் சுவர், தலைக்கு மேலே மின்விசிறி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் மைக்கில் காற்று இரையும், மூடினால் புழுக்கம். அதனால் கூடுதல் விலை கொடுக்க முன், கதிரைகளை நெருக்கிப் போடுங்கள். ஒவ்வொருவரும் மைக்கிலிருந்து ஒரு மீற்றருக்குள் இருந்தால் மலிவான மைக்கும் நன்றாக வேலை செய்யும். அடியில் ஒரு மடித்த துவாயை வைத்தால் மேசையில் தட்டும் சத்தமும் குறையும்.

ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிகிறது என்பதைப் பெட்டியில் கிலோஹேர்ட்ஸில் போட்டிருப்பார்கள். 192 கிலோஹேர்ட்ஸ் என்ற எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். பேச்சுக்கு 48 தாராளம்.

மேசை நீளம் என்று இரண்டு மைக் வாங்கிச் செருகினாலும் ஸூம் ஒன்றைத்தான் எடுக்கும். ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய வகையா என்று கடையிலேயே கேளுங்கள். வயரின் நீளத்தையும் பாருங்கள்: சாதாரண யூஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீற்றர்தான் எல்லை. மலிவான நீட்டிப்பு வயரைப் போட்டு இன்னும் நீட்டினால் இணைப்பு விட்டு விட்டுப் போகும்.

ஸ்பீக்கர் தனியாக இருந்தால் மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள். எதிரொலி நீக்கும் வசதியோடு ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றாக வரும் கருவி கொஞ்சம் விலை கூட, ஆனால் கூட்டத்துக்கு அதுவே நல்லது. அதே அறையில் வேறொருவர் போனிலும் சேர்ந்திருந்தால் எந்த மைக்கும் கூவும்.

அப்புறம், செருகியதும் மைக்கை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மறுபக்கத்தில் அந்தத் தட்டு பெரிதாகக் கேட்காவிட்டால் இன்னும் லப்டொப்பின் சொந்த மைக்தான் ஓடுகிறது. ஸூம் அமைப்பில் போய் புதியதைத் தெரிவு செய்யுங்கள்.