இறகு லேஸ் தைக்கலாம் வாங்க: இறகை விட்டுவிட்டு நாடாவைத் தையுங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் துணி குவியத் தொடங்கிவிடும். ரவிக்கை, பாவாடை, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கான ஆட்ட உடை, இவைதான் என் வழக்கமான வேலை. இப்போது பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இந்த மாதிரி கையோரத்துல இறகு வேணும்" என்கிறார்கள். பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியும். ஊசியில் நூல் கோத்து எம்மிங் (துணியின் ஓரத்தைப் பிடிக்கும் கைத்தையல்) போடத் தெரிந்தவர்கள் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தைப்பது இறகை அல்ல, இறகுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நாடாவை. நூல் இறகின் மேல் விழுந்தால் அந்த இடம் அமுங்கிப் பள்ளமாகத் தெரியும்.

எதை வாங்குவது

தையல் சாமான் கடைகளில் இறகு லேஸ் இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, சாட்டின் நாடாவில் தீக்கோழி இறகுகளை வரிசையாகத் தைத்துத் தொங்கவிட்டது. மற்றொன்று, கயிறு போல உருண்டையாக, பஞ்சுபஞ்சாக இருக்கும் மராபூ. மராபூ என்பது ஒரு நாரையின் பெயர். இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் வான்கோழியின் மென்னிறகுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நாடா வைத்ததையே வாங்குங்கள். ஊசி எங்கே போகவேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். கோழி இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும்; தீக்கோழி இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை. அதனால்தான் அது காற்றில் அலைந்து அவ்வளவு மென்மையாக விழுகிறது.

வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிற உடைக்கு அது வேண்டாம். நம் ஊர் வியர்வைக்கும் மாலை மழைக்கும் அந்தச் சாயம் துணியில் இறங்கிவிடும்.

தோட்டத்து ஓரத்தில் கிடக்கும் காட்டுப் பறவை இறகுகளைப் பொறுக்கித் தைக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் உடல் பாகங்களுக்கும் பொருந்தும்.

அளப்பதும் வெட்டுவதும்

முதல் முயற்சிக்குக் கைப்பையின் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோடு, தோலில் படாது, துவைக்கும் கவலையும் இல்லை. அது கைவந்த பிறகு சட்டைக்குப் போகலாம். மூடியின் அகலம் 20 செ.மீ. என்றால் நாடா 22 செ.மீ.; இரண்டு முனையிலும் ஒரு செ.மீ. உள்ளே மடிக்க. சட்டைக் கைக்கும் சுற்றளவோடு இதே 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு இறகுகளை விரலால் இருபக்கமும் விலக்கி, நாடாவை மட்டும் கத்தரியுங்கள். இறகோடு சேர்த்து வெட்டினால் நுனி மொட்டையாகிவிடும். வெட்டிய முனையில் தையல் பிரிந்து இறகுகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும் என்பதால், உடனே அந்த இடத்தில் நான்கைந்து தையல் போட்டு முடிச்சிடுங்கள். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தாலும் பிடித்துக்கொள்ளும்.

தைப்பது

இறகுகளைக் கீழ்நோக்கித் தடவி, அவற்றின் மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து ஹேர்பின்னால் பிடித்துவிடுங்கள். நாடா மட்டும் வெளியே தெரியவேண்டும். குண்டூசி குத்தி இடத்தில் நிறுத்துங்கள். துணியின் நிறத்தில் பாலியஸ்டர் நூல், மெல்லிய ஊசி, ஒற்றை இழை.

நாடாவின் மேல் விளிம்பில் 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில் எம்மிங் போடுங்கள். துணியில் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி எடுக்கட்டும், வெளிப்பக்கம் தெரியாது. ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டு இறுக்குங்கள். எங்காவது நூல் அறுந்தாலும் முழு வரிசையும் பிரியாது. மேல் விளிம்பு முடிந்ததும் கீழ் விளிம்பு. கடைசியில் காகிதத்தை உருவி, நூலில் மாட்டிய இழைகளை ஊசியின் பின்பக்கத்தால் மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள்.

மராபூவாக இருந்தால் பஞ்சை விலக்கி உள்ளே இருக்கும் கயிற்றைக் கண்டுபிடியுங்கள். ஒன்றரை செ.மீ.க்கு ஒருமுறை அந்தக் கயிற்றின் மேல் மட்டும் நூலைச் சுற்றித் துணியோடு பிடித்தால் போதும்.

மெஷினில் தைத்தே ஆகவேண்டும் என்றால் ஜிப் தைக்கும் பாதத்தை மாட்டிக்கொள்ளுங்கள். சாதாரணப் பாதம் இறகை உள்ளே இழுத்துவிடும். இருந்தாலும் கைத்தையலே என் விருப்பம். பிரிக்கவும் சுலபம்.

சட்டைக் கைக்குப் போகும்போது

நான் முதன்முதலில் தைத்தது ஆண்டு விழாவில் ஆடிய ஒரு சிறுமிக்கு. நாடாவைக் கையின் உள்பக்கம் அப்படியே தைத்துவிட்டேன். இறகின் தண்டு முனைகள் குத்தி, பிள்ளை மேடையில் சொறிந்துகொண்டே ஆடினாள். இன்றும் நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. அதிலிருந்து, நாடாவைத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைக்கிறேன். லைனிங் இல்லாவிட்டால் மெல்லிய சாட்டின் பட்டை ஒன்றை நாடாவின் மேல் தைத்து மூடிவிடுவேன்.

இணைப்பு அக்குள் பக்கத் தையலோடு வரட்டும், கண்ணில் படாது. இன்னொன்று, நாடா இழுபடாது. இழுபடும் துணியில் சுற்றிலும் தைத்தால் கை நுழையாது. அங்கே நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, நடுவே கொஞ்சம் இடம் விட்டுத் தையுங்கள். இறகு விரிந்து இடைவெளியை மறைத்துக்கொள்ளும்.

சட்டையைத் துவைக்கவேண்டுமே, அப்போது? இறகுப் பட்டையைக் கழற்றும்படி செய்துவிடுங்கள் என்பதே என் பதில். நாடாவை ஒரு ரிப்பனில் தைத்து, அந்த ரிப்பனில் ஐந்து செ.மீ.க்கு ஒரு பிரெஸ் பட்டன், சட்டையில் அதன் ஜோடி. கூடுதலாக ஒரு மணிநேரம் ஆகும், ஆனால் அடுத்த வருடமும் அதே இறகு வேறொரு சட்டைக்கு உதவும்.

தனி இறகுகள்

கோத்த லேஸ் கிடைக்காமல் தனி இறகுகள் மட்டும் இருந்தால்? தைப்பூசத்துக்கு மயில் காவடி கட்டும் எங்கள் பெரியப்பாவிடம் கற்றது இது. தண்டில் ஊசி குத்தக் கூடாது, பிளந்துவிடும். தண்டின் மேல் நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, அந்த முடிச்சை நாடாவோடு சேர்த்துத் தையுங்கள். தண்டு வழுக்கினால் முனையை மடக்கி, மடிப்பின் மேல் சுற்றுங்கள். பெரியப்பா பீலிகளைக் கட்டும்போது ஒவ்வொரு தண்டையும் விரலால் இழுத்துப் பார்ப்பார். நீங்களும் இழுத்துப் பாருங்கள்.

அமுங்கினால், நனைந்தால்

இறகும் நம் முடி, நகம் போலக் கெரட்டின்தான். இஸ்திரிப் பெட்டி பட்டால் கருகும், குளோரின் பிளீச் பட்டால் கரையும். அமுங்கிய இறகைக் கொதிக்கும் கெண்டியின் ஆவிக்கு ஓர் அடி தள்ளிப் பிடித்து உதறுங்கள், எழுந்துவிடும். மழையில் நனைந்தால் பிழியாமல் துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து விரலால் கோதிவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகே எடுத்துவையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சிக்கும் கெரட்டின் பிடித்த உணவு. காற்றுப் போகும் துணிப்பையில், அழுத்தாமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.