பிறப்புறுப்பு மரு: மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன்

போன மாதம் ஒரு பயிற்சி மருத்துவர், மருவின் மேல் வைக்கும் மருந்தான போடோபிலின் குப்பியைக் கையில் எடுத்தார். "இரு தம்பி, அவரோட உள்ளங்கையைப் பார்த்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு நானும் பார்க்கவில்லை. அதனால்தான் மரு விஷயத்தில் நடக்கும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன். கையுறை போடுவது, திரை மறைத்துப் பரிசோதிப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். மரு இருக்கிறதோ என்ற கவலையில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் மரு என்று முடிவுகட்டுவது

பிறப்புறுப்பு மருவில் பத்துக்கு ஒன்பது, ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் வருவது. சொரசொரவென்று காலிஃபிளவர் போலவோ, கூரான நுனியோடோ, சிறு காம்பில் தொங்கியோ இருக்கும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போகும்போதும் அதே இடத்தில் தடிப்புகள் வரும். அவை தட்டையாக, அடி அகன்று, ஈரம் கசிந்து, சாம்பல் பூத்த வெள்ளையாக இருக்கும். பாடப்புத்தகப் படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிது. கூச்சத்தில் பாதி திரும்பி நிற்கும் நோயாளியிடம், மங்கலான வெளிச்சத்தில், அவ்வளவு எளிதில்லை.

என்னிடம் வந்தவருக்கு இருபத்துநான்கு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். ஆசனவாயைச் சுற்றித் தடிப்புகள். பார்த்ததும் மரு என்று எழுதினேன். வாரம் ஒருமுறை வரச்சொல்லி போடோபிலின் வைத்தேன். எரிச்சல்தான் வந்தது, தடிப்பு குறையவில்லை. "எரியுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு மறுவாரமும் வந்தார். என்னை அவ்வளவு நம்பினார். நான்காவது வாரம் மருந்துச் சீட்டை வாங்கக் கை நீட்டியபோது உள்ளங்கையில் செம்பு நிறப் புள்ளிகள் தெரிந்தன. உள்ளங்காலிலும் இருந்தன. அன்றே ரத்தம் எடுத்தோம். வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ், டைட்டர் 1:64, அதாவது 64 மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ்.

அவருக்கு பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரண்டு பக்கமும் 12 லட்சமாகப் பிரித்து, ஒரே நாளில் போட்டாயிற்று. தடிப்புகள் இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டன. அவர் மனைவி ஆறாம் மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதத்தில் எடுத்த பரிசோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை. தொற்று அதற்குப் பிறகு போயிருக்கிறது. நாங்கள் கூப்பிட்டனுப்பி அவர் வந்தபோது, இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை என்றார். குழந்தை இறந்தே பிறந்தது. முதல் நாளே ஊசி போட்டிருந்தால் அது பிழைத்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நான்கு வாரத்தையும் வீணாக்கியது நான்தான்.

இன்னும் எனக்கு ஆத்திரம் வருவது, இதே தவறு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டும் நடப்பதால். போன மாத நோயாளிக்கு வி.டி.ஆர்.எல். எடுத்திருந்தார்கள், நெகட்டிவ் என்று வந்திருந்தது. பயிற்சி மருத்துவர் அதை நம்பித்தான் குப்பியை எடுத்தார். இரண்டாம் கட்ட சிபிலிஸில் சில சமயம் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருக்கும். சீரத்தை நீர்க்காமல் சோதித்தால் அந்த மிகுதியாலேயே வினை நடக்காது. நெகட்டிவ் போலக் காட்டும். இதற்குப் புரோசோன் என்று பெயர். நீர்த்துச் செய்யச் சொன்னேன். 1:128 வந்தது. நாம் எழுதிக் கேட்டால் ஒழிய எல்லா ஆய்வகமும் நீர்த்துப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதுங்கள், போனிலும் சொல்லுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம், தலையில் திட்டுத்திட்டாக முடி உதிர்வு, கழுத்து நெறிக்கட்டி எல்லாவற்றையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கும் அனுப்புங்கள்.

சுண்ணாம்பும் சோடாவும்

கையில் வந்த பாலுண்ணிக்கு வைத்த அதே சுண்ணாம்பு, வாஷிங் சோடா கலவையை, அல்லது எருக்கம்பாலை, அந்தரங்க இடத்திலும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கால் ஆணி மருந்தைப் போட்டவர்களும் உண்டு. அங்குள்ள தோல் மெல்லியது, வெந்து புண்ணாகிவிடும். அவர்களைத் திட்டாதீர்கள். டாக்டரிடம் வரக் கூச்சப்பட்டுத்தான் இதைச் செய்தார்கள். திட்டினால் அடுத்த முறையும் வரமாட்டார்கள்.

கர்ப்பிணிக்கு போடோபிலின்

கூடவே கூடாது. மருவை உறையவைக்கும் கிரையோ அல்லது ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம்.

மருவே இல்லாததைச் சுடுவது

ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக, ஒரே அளவில், முத்துக் கோத்தது போலச் சிறு பொடிப்புகள் பலருக்கு இருக்கும். அது இயல்பு. நிச்சயதார்த்தம் முடிந்த பையன் ஒருவர் அதை இரண்டு இடத்தில் காட்டரி செய்துகொண்டு, தழும்போடு என்னிடம் வந்தார். வரிசையாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

"யார்கிட்ட இருந்து வந்தது?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. தொற்றி இரண்டு மூன்று மாதத்தில் மரு தெரிவதுதான் வழக்கம். ஆனால் வைரஸ் பல மாதங்கள், சிலரிடம் வருடக்கணக்கில், வெளியே தெரியாமல் இருக்கும். ஆகவே, இன்று தெரியும் மருவை வைத்து நேற்று நடந்ததைச் சொல்ல முடியாது. "சமீபத்துல வந்ததுதான்" என்று ஒரு டாக்டர் வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண்ணை அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து, இதை எங்களால் தேதி போட்டுச் சொல்ல முடியாது என்று நான் விளக்கியதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆயிற்று அவர்கள் சேர. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதையும் இருவர் முன்னிலையில் சொல்லுங்கள்.

புற்றுநோய் என்று பயமுறுத்துவது

கருப்பைவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு, ஹெச்.பி.வி.யின் 16, 18 ஆகிய வகைகளால் வருவது. மரு வேறு வகை. பெண்கள் வழக்கமான பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டால் போதும்.

மரு உதிர்ந்ததும் அனுப்பிவிடுவது

மூன்று மாதமாவது வரச்சொல்லுங்கள். அந்தக் காலத்தில்தான் பெரும்பாலும் திரும்ப வரும். திரும்ப வந்தால் மருந்து பொய்யில்லை, நோயாளி மேலும் தப்பில்லை. வைரஸ் சுற்றியுள்ள தோலில் இருக்கிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோல் வழியாகப் பரவுவதை அதனால் தடுக்க முடியாது.

தடுப்பூசியைப் பெண்பிள்ளைக்கு மட்டும் சொல்வது

வந்துவிட்ட மருவை ஊசி போக்காது. வருவதற்கு முன்பு போட வேண்டும். 16, 18 வகைகளுக்கு மட்டுமான ஊசி மருவைத் தடுக்காது. 6, 11 வகைகளும் சேர்ந்தது வேண்டும். நம் நாட்டில் தயாராகும் செர்வாவாக்கில் நான்கும் இருக்கின்றன; 2023இல் விற்பனைக்கு வந்தது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், அதற்கு மேல் மூன்று. ஆஸ்திரேலியாவில் 2007இல் பெண்களுக்கு மட்டும் தொடங்கினார்கள். சில வருடங்களிலேயே இருபத்தொரு வயதுக்குட்பட்ட பெண்களிடம் மரு அரிதாகிவிட்டது. பையன்களை 2013இல் சேர்த்தார்கள்.

போன வாரம் ஒரு தாய் பதினோரு வயது மகளை ஊசிக்கு அழைத்து வந்தார். பதின்மூன்று வயது மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "அவனுக்கும் போடலாமா டாக்டர்?" என்று கேட்டார். போட்டோம்.