லேடிபேர்ட் சிலந்தி: நல்லது நினைத்தே செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் இருக்கிறது டோர்செட். அங்குள்ள மணற்பாங்கான ஹீத் நிலத்தில்தான், அதாவது மரங்கள் அதிகமில்லாத, குட்டைப் புதர்கள் மண்டிய திறந்தவெளியில்தான், பிரிட்டனின் லேடிபேர்ட் சிலந்தி வாழ்கிறது. ஆணின் வயிறு பளிச்சென்ற சிவப்பு, அதன்மேல் நான்கு கறுப்புப் பொட்டுகள். பார்த்தால் ஆங்கிலத்தில் லேடிபேர்ட் எனப்படும் பொறிவண்டு மாதிரியே இருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். பெண்ணோ வெல்வெட் போன்ற கறுப்பு. சுமார் 70 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போனதாக நினைத்த இந்தச் சிலந்தி, 1980 வாக்கில் மறுபடி கிடைத்தது. 1994-இல் எண்ணிப் பார்த்தபோது ஒரே ஓர் இடத்தில் 56 மட்டுமே இருந்தன.

இதைக் காக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ஹீத் நிலத்தைத் தரிசு என்று எண்ணி மரம் நடுவது. மரம் நட்டால் இயற்கைக்கு நல்லது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இந்தச் சிலந்திக்கு வேண்டியது நிழல் அல்ல, வெயில். தெற்குப் பார்த்த சரிவு, ஆங்காங்கே வெறும் மணல், பாசி போல் தரையில் படரும் கொஞ்சம் லைக்கன், ஹெதர் என்ற குட்டையான புதர்ச்செடிகள், இவை சேர்ந்த இடத்தில்தான் அது வளை தோண்டும். உள்ளே பட்டிழையால் பூசி, மேலே ஒரு சின்னப் பட்டுக் கூரை போட்டு, அதில் குப்பை கூளத்தை ஒட்டிக்கொள்ளும். கூரையிலிருந்து நீளும் இழைகளில் வண்டு இடறினால், பெண் கீழிருந்து பாய்ந்து பிடிக்கும். முட்டைப் பையைக்கூட வெயில் காய மேலே தூக்கி வந்து வைக்கும். நிழல் விழுந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்?

இதற்கு நேர் எதிரான தவறு, வேலி போட்டுவிட்டுச் சும்மா விடுவது. ஹீத் என்பது மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் உருவாக்கிய நிலம். கை வைக்காமல் விட்டால் பைன் கன்றுகளும் ரோடோடென்ட்ரான் புதர்களும் ஏறி மூடிவிடும். அவற்றை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக வளைகள் இருக்கும் இடத்தில் கனரக இயந்திரத்தை இறக்கினால் கதை முடிந்தது. கையால், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான் சரி.

அப்புறம், ஒரு இடத்தில் நன்றாக இருந்தால் போதும், தானே பரவிவிடும் என்று நினைப்பது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் குஞ்சு பொரிக்கும். தன் வயிற்றிலிருந்து உணவைக் கக்கி ஊட்டும். கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். குளிர்காலத்தைத் தாயின் வளையிலேயே கழித்துவிட்டு வெளியே வரும் குஞ்சுகள், பக்கத்திலேயே குடியேறிவிடும். நடுவில் ஒரு சாலையோ பைன் தோப்போ வந்தால் அடுத்த ஹீத்துக்குப் போக வழியில்லை. கட்டுக்கடங்காத தீ ஒன்று போதும், ஒரு கூட்டமே போய்விடும்.

அதனால்தான் மனிதர்களே கொண்டுபோய்ப் புது இடங்களில் விட வேண்டியிருக்கிறது. இதிலும் பிழை நேரலாம். சிலந்தியைப் பிடித்து வெட்டவெளியில் விட்டால் அது ஒளிய இடமின்றித் தவிக்கும். ஆர்.எஸ்.பி.பி. என்ற பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்பு அமைப்புக்கு டோர்செட்டில் உள்ள ஆர்ன் சரணாலயத்தில் 2011-இல் விட்டபோது, காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களில் ஹெதரும் பாசியும் நிரப்பி, அதற்குள் சிலந்தியைக் குடிவைத்து, பாட்டிலோடு மண்ணில் புதைத்தார்கள். அதன் வளை அளவுக்கு அந்தப் பாட்டில் கச்சிதமாக இருந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூரை கண்ணுக்கே தெரியாது. பாதையை விட்டு நடந்தால் உங்கள் காலடியில்தான் அது நசுங்கும். வளையைக் கிளறவோ சிலந்தியைப் பிடிக்கவோ கூடாது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட உயிர். படம் எடுத்தால் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். மே மாதத்தில் சிவப்பு ஆண் ஒன்று தரையில் ஓடிக்கொண்டிருந்தால், வழி தவறிவிட்டதாக எண்ணித் தூக்கி வேறிடத்தில் விடாதீர்கள். அது பெண்ணின் வளையைத் தேடிப் போகிறது. அதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தாம்.